அஞ்சு லிட்டர் தண்ணியை விரட்டுன கதை: வளைகாப்புக்கு வீட்லயே கேரட் அல்வா

தங்கச்சிக்கு ஏழாம் மாசம் வளைகாப்பு, தை கடைசியில, நம்ம வீட்லதான் வச்சோம். எழுபது பேரு கணக்கு. அஞ்சு வகைச் சோத்துக்கு சமையக்காரர்கிட்ட சொல்லியாச்சு, ஸ்வீட்டுக்கு என்ன பண்றதுன்னு பேச்சு வந்தப்ப தங்கச்சி போன்லயே "எனக்கு கேரட் அல்வாதான் வேணும், ஆனா கடையில வாங்குனா நான் தொடவே மாட்டேன்"னு சொல்லிட்டா. காரணம் இருக்கு. போன வருஷம் ஒரு விசேஷத்துக்கு ஒரு கடையில (பேரு எதுக்கு, விடுங்க) ஆர்டர் குடுத்து வந்த கேரட் அல்வாவுல கலர் பொடி விரல்ல ஒட்டுனது ரெண்டு நாளைக்குப் போகல, ஆறுனதும் மேல வெள்ளையா டால்டா உறைஞ்சு நின்னுச்சு. மாசமா இருக்குற புள்ள கேக்குது, சரி நானே கிண்டுறேன்னு வாய விட்டுட்டேன். அதுக்கு முன்னாடி என் வாழ்க்கையில நான் கிண்டுனது ரவை உப்புமா மட்டும்தான். அம்மா கேட்டுட்டு, "இவரு கிண்டுறாராம்ல, அம்புட்டுதேன், எதுக்கும் ரெண்டு கிலோ லட்டு சொல்லி வையி"னு என் வீட்டுக்காரிகிட்ட சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு.

விசேஷத்துக்கு மூணு வாரம் இருந்துச்சு, அதனால அரைக் கிலோ அரைக் கிலோவா செஞ்சு பாத்துப் பழகலாம்னு முடிவு. மொத தடவை சோம்பேறித்தனமா ஆரம்பிச்சேன். கேரட்ட துண்டு போட்டு மிக்ஸியில ரெண்டு சுத்து, பாலு ஊத்தி குக்கர்ல மூணு விசில், அப்புறம் சீனியும் நெய்யும் போட்டுக் கிண்டுனா பத்து நிமிஷத்துல அல்வான்னு யாரோ குடும்ப குரூப்புல வீடியோ அனுப்பியிருந்தாங்க. குக்கரைத் திறந்தா உள்ள கேரட் சூப்பு. அதை வத்த வைக்க ஒன்றரை மணி நேரம் கிண்டியும் கடைசில கிடைச்சது ஒரு ஆரஞ்சுக் களி, கரண்டில எடுத்தா தொப்புன்னு விழுது, வாயில போட்டா குழந்தைக்கு ஊட்டுற கூழ் மாதிரி. பையன் ஒரு வாய் தின்னுட்டு "அப்பா இது பேஸ்ட்டு"ன்னான். அவனுக்கு ஏழு வயசு, பொய் சொல்லத் தெரியாது.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து யோசிச்சப்பதான் விஷயம் புரிஞ்சுது. கேரட்டுல நூத்துக்கு 88 பங்கு தண்ணிதான். பாலு, அது ஃபுல் கிரீமா இருந்தாலும், நூத்துக்கு 85 பங்கு தண்ணி. நம்ம அல்வாவுல இருக்க வேண்டிய தண்ணி நூத்துக்கு முப்பது முப்பத்தஞ்சுக்குள்ள. அப்ப கேரட் அல்வா செய்யிறதுன்னா சமைக்கிறதெல்லாம் ரெண்டாவது, தண்ணிய வீட்டை விட்டு விரட்டுறதுதான் மொத வேலை. நான் என்ன பண்ணேன், மிக்ஸியில அரைச்சு கேரட்டோட செல்லு ஒவ்வொண்ணையும் கிழிச்சு இருக்குற தண்ணியெல்லாம் வெளிய விட்டேன், போதாததுக்கு குக்கர் மூடியப் போட்டு அந்த தண்ணி தப்பிச்சுப் போகாம காவல் காத்தேன். இதுல ஒரு கொடுமை என்னன்னா ஒரு லிட்டர் தண்ணிய நம்ம ஊர் குழாய்ச் சூட்டுலேர்ந்து கொதிக்க வைக்க ஆகுற சூட்டைப் போல ஏழு மடங்குக்கு மேல வேணும் அதே தண்ணிய முழுசா ஆவியாக்க. அதான் கொதி சீக்கிரம் வந்துருது, வத்துறதுக்கு மட்டும் உசுர் போகுது.

ரெண்டாவது தடவை மாடி வீட்டு அக்காகிட்ட கேட்டேன். ராஜஸ்தான்காரங்க, வீட்டுக்காரருக்கு விளக்குத்தூண் பக்கம் துணிக்கடை, இருபது வருஷத்துக்கு மேல மதுரைதான், தமிழ்ல நம்மள விட நல்லா சண்டை போடுவாங்க. "தம்பி, குக்கரைத் தூக்கிப் போடு, மிக்ஸியத் தூக்கிப் போடு, கையால துருவு, பெரிய கண்ணுல துருவு, அகலமான பாத்திரம் எடு, பக்கத்துலயே நில்லு"ன்னாங்க. அவங்க ஊர்ல குளிர்காலத்துல மட்டும் வர்ற ரத்தச் செவப்பு கேரட்லதான் இது செய்வாங்களாம், நம்ம ஊட்டி ஆரஞ்சு கேரட்டைப் பாத்தாலே அவங்களுக்கு ஒரு சலிப்பு. அந்தச் செவப்புக்கு காரணம் லைகோபீன், தக்காளில இருக்கே அதே சரக்கு. நம்ம கேரட்டுல இருக்குறது பீட்டா கரோட்டீன். லக்னோ பக்கம் கறுப்பு கேரட்ல கூட அல்வா செய்யிறாங்கன்னும் சொன்னாங்க, அது கருநீலமா நாவப்பழ கலர்ல இருக்குமாம்.

துருவுனேன். ஆனா ரெண்டு தப்பு. ஒண்ணு, கேரட்டும் சீனியும் ஒண்ணா சேத்தே வேக வச்சுட்டேன், கொஞ்சம் சீக்கிரம் முடியுமேன்னு. சீனி சேந்துட்டா கேரட் அதுக்கு மேல லேசுல மெத்துன்னு வேகாது, வெறைச்சுக்கிட்டு நிக்கும். எம்புட்டு நேரம் கிண்டியும் கடிச்சா நறுக் நறுக்குங்குது. இன்னொண்ணு, காலையில ஆறு மணிக்குக் காய்ச்சி வெளிய வச்ச பாலை சாயங்காலம் நாலு மணிக்கு எடுத்து ஊத்துனேன், ஊத்துன அஞ்சாவது நிமிஷம் திரிஞ்சு போச்சு. மதுரைக்கு தை மாசம்னு தனியா குளிரா அடிக்குது. தூக்கிக் கொட்டலாம்னு எடுத்தப்ப மாடி அக்கா வந்து எட்டிப் பாத்து, "கொட்டாத, கிண்டு, அது குருணை குருணையா நல்லா வரும்"னாங்க. வந்துச்சும். வடக்க கோவா, அதான் பாலைச் சுண்ட வச்சு எடுக்குற கட்டி, அதைச் செய்யிறவங்க வேணும்னே கொஞ்சூண்டு சிட்ரிக் ஆசிட் போட்டு பாலைத் திரிய வச்சுத்தான் அந்த குருணை கோவாவை எடுக்குறாங்களாம், தானேதார்னு பேரு. ஆக மூணாந்தர கேரட்டும் முதல்தர பால்குருணையுமா ஒரு அல்வா கிடைச்சுது, பால்குருணைய மட்டும் பொறுக்கித் தின்னோம்.

மூணாவது தடவை எனக்குத் தெரிஞ்ச வழிக்கு வந்தேன், தராசு. எனக்கு கைப்பக்குவம் கிடையாது, "சுருண்டு வரும்போது இறக்கு"ன்னா எது சுருள்றதுன்னு தெரியாது, "நெய் பிரியும்"னா எம்புட்டு பிரியணும்னு தெரியாது. ஆனா எடை பாக்கத் தெரியும். அரைக் கிலோ துருவுன கேரட், அரை லிட்டர் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பாலு (கொழுப்பு 6 சதவீதம் இருக்குற ஃபுல் கிரீம், அல்வாவுக்கு இதான் சரி, நீலப் பாக்கெட்டெல்லாம் வத்த வச்சா பாத்திரம்தான் மிஞ்சும்), 125 கிராம் சீனி, 55 கிராம் நெய். எல்லாம் கூட்டுனா கிட்டத்தட்ட 1,195 கிராம். சட்டியோட எடைய மொதல்ல குறிச்சு வச்சுக்கிட்டேன், நடுநடுவுல சட்டியோட தூக்கி மணைப்பலகை மேல வச்சு எடை பாத்தேன், ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்பூன் எடுத்துத் தின்னு பாத்தேன். 600 கிராம்ல பாயசம். 530ல கொழகொழ. 475ல மாடி அக்கா ஒரு வாய் போட்டுக்கிட்டு ஒண்ணுமே சொல்லாம இன்னொரு ஸ்பூன் எடுத்தாங்க. அப்ப கணக்கு இதான், போட்டதுல அஞ்சுல ரெண்டு பங்கு மிஞ்சுற வரைக்கும் கிண்டணும். முந்திரி திராட்சை இதுல சேராது. இந்த ஒரு கணக்கு கிடைச்சதும் எனக்கு பாதி பயம் போச்சு.

நெய்ய மொதல்ல ஊத்துறதா கடைசில ஊத்துறதான்னு எனக்கும் மாடி அக்காவுக்கும் ஒரு பஞ்சாயத்து இன்னும் முடியல. அவங்க பால்லயே வேக வச்சு வத்துனதுக்கு அப்புறம்தான் நெய் ஊத்தி வறுப்பாங்க, பூன்னான்னு சொல்றாங்க அந்த வறுவலை. நான் ரெண்டு மாதிரியும் செஞ்சு பாத்ததுல ஊட்டி கேரட்டுக்கு மொதல்லயே நெய்யில பத்து நிமிஷம் வதக்குறதுதான் சரின்னு படுது, அந்த பச்சை வாசம் அப்பதான் போகுது, கலரும் நெய்யில இறங்கி பளபளன்னு நிக்குது. பீட்டா கரோட்டீன் தண்ணில கரையாது, எண்ணெயிலயும் நெய்யிலயும்தான் கரையும், வதக்கும்போது நெய்யே ஆரஞ்சா மாறுறதைப் பாக்கலாம். கலர் பொடிக்கு வேலையே இல்ல. செவப்பு கேரட் கிடைச்சா அவங்க வழிதான் சரியா இருக்குமோ என்னமோ.

இனி பாத்திரம். எழுபது பேருக்கு ஆளுக்கு ஐம்பத்தஞ்சு அறுபது கிராம்னா நாலு கிலோ அல்வா வேணும், அதுக்கு நாலு கிலோ துருவுன கேரட், நாலு லிட்டர் பாலு. ரெண்டு ஈடாத்தான் செய்யணும், அப்பவும் வீட்ல இருக்குற எந்தச் சட்டியும் பத்தாது. பரண்ல பாட்டியோட பித்தளை உருளி ஒண்ணு கிடந்துச்சு, வாய் பதினாறு இஞ்சு அகலம், அடி நல்ல கனம். ஆனா உள்ள ஈயமெல்லாம் போயி பித்தளை தெரியுது, பச்சையா களிம்பு வேற. அதுல பாலை ஊத்தி ரெண்டு மணி நேரம் கொதிக்க விட்டா வயித்துக்குள்ள என்ன போகும்னு சொல்ல வேணாம், அதுவும் மாசமா இருக்குற புள்ளைக்கு. கீழமாசி வீதிப் பக்கம் ஒரு சந்துல ஈயம் பூசுற அண்ணன் ஒருத்தர் இன்னும் இருக்காருன்னு அம்மா சொல்லி, பைக்ல உருளிய மடியில வச்சுக்கிட்டு மச்சினன் உக்கார திருநகர்லேர்ந்து அங்க வரைக்கும் போனோம்.

அந்த வேலைய நின்னு பாத்தேன், பாக்க வேண்டிய வேலை. மொதல்ல மண்ணும் புளியும் போட்டு களிம்பை உரிச்சு எடுத்தாரு, கழுவுனா உருளி தங்கம் மாதிரி. அப்புறம் கரியடுப்பு மேல கவுத்தி நிமித்தி சுத்திச் சுத்தி சூடு பண்ணாரு, ஊதுறதுக்கு ஒரு சின்ன கரண்ட் ப்ளோயர். சூடு ஏறுனதும் நவச்சாரப் பொடிய (ஈயம் நல்லா ஒட்டுறதுக்குப் போடுற ஒரு உப்பு) ஒரு சிட்டிகை தூவுனாரு, பொசுக்குன்னு வெள்ளைப் பொகை, மூக்கு எரியிற நெடி, உடனே ஈயக்கட்டிய உள்ள ஒரு தேய் தேச்சாரு, அது பாதரசம் மாதிரி உருண்டு ஓடுது, ஒரு பஞ்சை வச்சு வழிச்ச வேகத்துல மஞ்ச உருளி வெள்ளி உருளியாயிருச்சு. மொத்தமா பூசுற நேரம் ரெண்டு நிமிஷம் கூட இருக்காது. நான் மறக்காம "அண்ணே, வெள்ளீயம்தானே?"ன்னு கேட்டேன். நம்ம தமிழ்ல ரெண்டையும் ஈயம்னுதான் சொல்றோம், காரீயம் விஷம், பாத்திரத்துக்குப் பூசுறது வெள்ளீயம், ரசம் வைக்கிற ஈயச்சொம்பும் அதேதான். அவரு என்னை ஒரு பார்வை பாத்துட்டு "முப்பது வருஷமா பூசுறேன் தம்பி"ன்னாரு. 450 ரூபா. கிளம்பும்போது பின்னாடியே குரல் குடுத்தாரு, "வெறும் பாத்திரத்தை மட்டும் அடுப்புல வச்சுராதீங்க, உருகிரும்." சரிண்ணேன்னு தலையாட்டிட்டு வந்தேன். அந்த தலையாட்டலை ஞாபகம் வச்சுக்கங்க.

கேரட்டுக்கு முந்துன நாள் விடிகாலை மாட்டுத்தாவணி மார்க்கெட். ஊட்டி கேரட், கொடைக்கானல் கேரட் ரெண்டும் கிடந்துச்சு. ஊட்டி கேரட்ட அங்கேயே மெஷின்ல கழுவி அனுப்புறாங்க, பாக்க பளபளன்னு இருக்கு, ஆனா மூட்டைக்குள்ள ஈரம் நின்னா சீக்கிரம் வழுவழுப்பு தட்டிரும், அதனால ஒண்ண எடுத்து ஒடிச்சுப் பாக்கணும். டக்குன்னு ஒடியணும், நடுத்தண்டு வெளுப்பா தடிமனா இருந்தா வேணாம், அது எவ்வளவு கிண்டுனாலும் சக்கை. ரொம்பப் பெருசும் வேணாம். அஞ்சு கிலோ வாங்குனேன், தோல் சீவி தலை வால் வெட்டுனதுல நாலு கிலோ முன்னூறு நின்னுச்சு, மேல இருந்தது சாம்பாருக்கு, தோல் எதுத்த வீட்டு மாட்டுக்கு.

துருவுனது நானும் வீட்டுக்காரியும் மச்சினனும். துருவியில பெரிய கண்ணு பக்கம், கேரட்ட நட்டக்குத்தலா பிடிக்காம சாய்ச்சு நீளவாக்குல இழுக்கணும், அப்பதான் இழை நீளமா வரும், வெந்து சுருங்குனாலும் அல்வாவுல இழை தெரியும். நட்டக்குத்தலா பிடிச்சா துண்டு துண்டா பொடியா விழும். மச்சினன் பேசிக்கிட்டே துருவி கட்டை விரல்ல தோலை எடுத்துக்கிட்டான், அந்த ஒரு கேரட் மட்டும் போச்சு. ரெண்டரை மணி நேரம் ஆச்சு. மூணு பேரு உள்ளங்கையும் மஞ்சகாமாலை வந்த மாதிரி, சோப்பு போட்டும் போகல, தேங்கா எண்ணெய் ரெண்டு சொட்டு தடவித் தேச்சதும் போயிருச்சு. மேல சொன்ன கதைதான், அது எண்ணெய்க்குத்தான் மசியும்.

மொத ஈடு சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஏத்துனேன். வீட்டுத் தராசு அஞ்சு கிலோதான் தாங்கும், அதனால தெருமுனை காய்கறிக்கடை அண்ணன்கிட்ட கடைத் தராசை ராத்திரிக்கு மட்டும்னு வாங்கிட்டு வந்தேன், வாடகை கால் கிலோ அல்வா. வெறும் உருளி 4,350 கிராம். நெய் 150 கிராம் ஊத்தி, அது உருகுனதும் ரெண்டு கிலோ கேரட். மொதல்ல மலை மாதிரி நிக்குது, பத்து நிமிஷத்துல பாதியா அடங்கிருச்சு. பக்கத்து அடுப்புல கொதிச்சுக்கிட்டு இருந்த ரெண்டு லிட்டர் பாலைச் சூடாவே ஊத்துனேன், இந்த தடவை பாக்கெட் பிரிச்சு அப்பவே காய்ச்சுன பாலு. தீ முழுசா வச்சேன். மொத ஒரு மணி நேரம் ஒண்ணும் பெரிய வேலையில்ல, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அடியோட வழிச்சு விட்டா போதும், ஓரத்துல ஒட்டுற பாலாடையச் சுரண்டி உள்ள தள்ளிக்கிட்டே இருக்கணும், அதுதான் கோவா.

ஒரு மணி நேரத்துக்கு மேல போனதும் சத்தம் மாறுச்சு. இதை எவரும் எனக்குச் சொல்லித் தரல, நானா கண்டுபிடிச்சதா நெனச்சு பெருமைப்பட்டுக்கிட்டேன், அம்மாகிட்ட சொன்னா "அது தெரியாதா"ங்குறாங்க. மொதல்ல களக் களக்னு பால் கொதிக்கிற சத்தம், அப்புறம் கெட்டியானதும் பொத்து பொத்துன்னு குமிழ் வெடிக்கிற சத்தம், இந்தக் கட்டத்துலதான் தெறிக்கும், மணிக்கட்டுல ரெண்டு எடத்துல சுட்டுக்கிட்டேன், முழுக்கை சட்டை போடுறது நல்லது. அப்புறம் பொத்து பொத்து நின்னு சர்ருன்னு நெய் பொரியிற சத்தம் லேசா வரும், தண்ணி தீரப் போகுதுன்னு அர்த்தம். தண்ணி இருக்குற வரைக்கும் சூடு நூறு டிகிரிய ஒட்டியே நிக்கும், தீஞ்சு போகாது, தண்ணி தீந்த நிமிஷத்துலேர்ந்துதான் அடி பிடிக்கும், வாசமும் வரும். நானும் மச்சினனும் ஆளுக்கொரு பக்கம் துணி வச்சுத் தூக்கி தராசுல வச்சோம், உருளியோட 5,800. அதாவது உள்ள 1,450 கிராம். ஒரு இழைய எடுத்து விரல்ல நசுக்குனா வெண்ணெயா மசியுது. இப்பதான் சீனி, 500 கிராம்.

சீனிய போட்டதும் பயந்துராதீங்க. கெட்டியா இருந்தது திரும்ப தளதளன்னு தண்ணியாயிரும், சீனியும் உருகும், கேரட்டுக்குள்ள மிச்சம் இருக்குற தண்ணியையும் வெளிய இழுக்கும். என் வீட்டுக்காரி பாத்துட்டு "என்னங்க, திரும்ப பாயசமாயிருச்சு"ன்னு பதறுனா. நான் தராசைக் காட்டுனேன். மிச்ச நெய் 75 கிராமையும் ரெண்டு தடவையா விட்டு, தீயைக் குறைச்சு, இப்ப கைய எடுக்காம கிண்டணும், இருபது நிமிஷம். தோள்பட்டை கழண்டுரும். 6,250 வந்ததும் நிறுத்துனேன், உள்ள 1,900 கிராம். அதாவது அந்த ஒரு உருளிலேர்ந்து மட்டும் மூணு லிட்டருக்கு நூறு மில்லி கம்மியா தண்ணி ஆவியா போயிருக்கு, சமையக்கட்டு ஜன்னல் கண்ணாடி முழுக்க வேர்த்து வடியுது. மணி ஏழுக்கு பத்து. முந்திரி நூறு, திராட்சை ஐம்பது, நெய்யில வறுத்தது, ஏலக்காய் தட்டிப் போட்டது. ஏலக்காய அடுப்பை அணைச்ச பின்னாடிதான் போடணும், கொதிக்கும்போது போட்டா வாசம் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்.

அம்மா வந்து கரண்டிய வழிச்சு ஒரு வாய் போட்டாங்க. "ம்"னாங்க. அம்புட்டுதான், ஆனா லட்டு ஆர்டரப் பத்தி அதுக்கப்புறம் பேச்சே வரல.

இங்கதான் எனக்கு தலைக்கனம் ஏறிருச்சு. அல்வாவை அகலத் தட்டுல மாத்திட்டு, உருளிய கழுவி, ரெண்டாவது ஈடுக்கு ஈரம் காயட்டும்னு வெறும் உருளிய அடுப்புல வச்சேன். பெரிய தீ. அந்த நேரம் பாத்து சமையக்காரரு போன், வாழையிலை எத்தனை கட்டுன்னு. பேசிட்டுத் திரும்பிப் பாத்தா உருளிக்குள்ள நடுவுல வெள்ளி முத்து முத்தா உருண்டு கிடக்கு. வெள்ளீயம் 232 டிகிரியில உருகிரும். தண்ணியோ பாலோ உள்ள இருந்தா அந்தச் சூட்டுக்குப் போகவே போகாது, வெறும் பாத்திரம்னா நாலஞ்சு நிமிஷம் போதும். அணைச்சுட்டுப் பாத்தா உள்ளங்கை அகலத்துக்குப் பித்தளை பல்லைக் காட்டுது. எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. மச்சினன் மட்டும் மெதுவா, "மச்சான், அந்த அண்ணன் சொன்னாருல்ல"ன்னான்.

மணி ஏழரை, ரெண்டு கிலோ துருவுன கேரட் டப்பாவுல கிடக்கு. வாடகை பாத்திரக் கடைக்கு ஓடலாம்னா அவங்க குடுக்குறது மெல்லிசு அலுமினியம், அடி பிடிச்சே தீரும். கடைசில எடுத்தது எதை தெரியுமா, மொத நாள் திட்டுனேனே அந்த குக்கர், பத்து லிட்டர், மூடி இல்லாம. அடி நல்ல கனம், ஆனா வாய் பத்து இஞ்சுதான், பரப்புன்னு பாத்தா உருளில பாதி கூட இல்ல. கேரட்டும் பாலும் உள்ள ஒசரமா நிக்குது, தீயைக் கூட்டுனா மேல வரைக்கும் தெறிக்குது, கீழ அடி பிடிக்கப் பாக்குது, குறைச்சா வத்தவே மாட்டேங்குது. இப்படியே போனா விடிஞ்சுரும்.

அப்பதான் வீட்டுக்காரி ஃப்ரிட்ஜைத் திறந்தா. அவ ஊரு ஸ்ரீவில்லிபுத்தூர், மச்சினன் வந்தான்னா பால்கோவா இல்லாம வர மாட்டான். அரைக் கிலோ இருந்துச்சு. பால்கோவான்னா என்ன, நமக்குப் பதிலா வேற யாரோ ஏற்கனவே நின்னு தண்ணிய விரட்டி வச்ச பாலுதானே. ஒரு லிட்டர் பாலை ஊத்தாம நிறுத்திட்டு, அதுக்குப் பதிலா கடைசில 300 கிராம் பால்கோவாவை உதுத்துப் போடலாம்னு முடிவு. அதுல சீனி மூணுல ஒரு பங்கு இருக்கும்னு வச்சுக்கிட்டு என் சீனிய 400 ஆக்குனேன். இதனால விரட்ட வேண்டிய தண்ணி ரெண்டு லிட்டருக்குக் கிட்ட வந்துருச்சு. அப்படியும் ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம் ஆச்சு, அகலமான உருளில இதைவிட கூட முக்கா லிட்டருக்கு மேல தண்ணி அதுக்கும் குறைஞ்ச நேரத்துல போயிருச்சு. பாத்திரத்தோட வாய் அகலம்தான் அல்வாவுக்கு பாதி வேலைன்னு மாடி அக்கா சொன்னது இப்பத்தான் முழுசா ஏறுச்சு மண்டையில.

ஒரு எச்சரிக்கை, பால்கோவாவை முன்னாடியே போட்டுராதீங்க, அதுல சீனி இருக்கு, கேரட் வெறைச்சுக்கும், அடியிலயும் பிடிக்கும். சீனி போட்டுக் கிண்டுற கட்டத்துல சேத்தா போதும்.

ராத்திரி நல்லா ஆற விட்டு ரெண்டு ஈடையும் தனித்தனியா சம்படத்துல போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சோம், பால் சேந்தது, வெளிய வச்சுட்டு எழுபது பேரு வயித்தோட விளையாட முடியாது. காலையில எடுத்தா நெய் உறைஞ்சு கல்லு மாதிரி இருந்துச்சு, சின்னத் தீயில அரைக் கரண்டி பால் தெளிச்சுக் கிளறுனதும் இளகி பழைய பதத்துக்கு வந்துருச்சு. இலையில வச்சப்ப எது எந்த ஈடுன்னு எங்களுக்கு மட்டும்தான் தெரியும், மொத ஈடு கேரட் இழை தனித்தனியா தெரியும், ரெண்டாவது கொஞ்சம் குருணையா பால் தூக்கலா இருக்கும். சம்பந்தி வீட்டுக்காரங்க ரெண்டாவதைத்தான் திரும்பக் கேட்டாங்க, எனக்கு கொஞ்சம் மனக்கஷ்டம்தான். மாடி அக்கா ரெண்டையும் தின்னுட்டு மொதல்லதுக்கு ஓட்டுப் போட்டாங்க. தங்கச்சி கையில வளையலோட ரெண்டு கிண்ணம் தின்னுட்டு மூணாவதுக்கு நீட்டுனா, அம்மா தடுத்துட்டாங்க. தராசு வாடகையும் மறக்காம குடுத்தாச்சு.

அடுத்த வாரம் உருளிய எடுத்துக்கிட்டு திரும்ப கீழமாசி வீதி. அண்ணன் வாங்கி வெயில்ல சாய்ச்சு உள்ள பாத்தாரு, நடுவுல விரலை வச்சு ஒரு சுத்து சுத்துனாரு.

"வெறுசா வச்சீகளா?"

"ஆமாண்ணே."

"எம்புட்டு நேரம்?"

"ஒரு போன் பேசுற நேரம்."

ஒண்ணும் சொல்லல, புளியை எடுத்தாரு. திரும்பவும் 450 ரூபா.